காட்டுக் கணக்கு: மான், மரை, உக்குளான் பற்றி வாசகர் கேள்விகள்

காட்டு விலங்கு ஆய்வுகள் பற்றிக் கேள்வி அனுப்பும்படி கேட்டிருந்தோம். படுவான்கரையிலிருந்தும் அம்பாறைக் கரையோரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை யானை பற்றியவை. அவற்றைத் தனி இதழுக்கு ஒதுக்கிவிட்டோம். மானினங்களை ஒட்டிய கேள்விகள் மட்டும் இம்முறை.

எங்கள் வட்டையில் இளம் வேளாண்மையை இரவில் ஏதோ கடித்துவிட்டுப் போகிறது. இரண்டு குளம்புத் தடம் தெரிகிறது. சிலர் புள்ளிமான் என்கிறார்கள், சிலர் பன்றி என்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?
– விவசாயி ஒருவர், வெல்லாவெளி

தடத்தை மட்டும் வைத்து அவர்களும் சொல்வதில்லை. தடம், எச்சம், கடிபட்ட தண்டு மூன்றும் ஒத்துப்போனால்தான் பெயர் எழுதுவார்கள்.

முன்னால் இரண்டு குளம்பு பதிவது பன்றிக்கும் மானுக்கும் பொது. வித்தியாசம் பின்னால் இருக்கும் சிறு குளம்புகளில். பன்றிக்கு அவை தாழ்வாக இருப்பதால் ஈர வரம்பில் இருபக்கமும் அகன்று பதியும். மானுக்கு, கால் சேற்றில் புதைந்தால் அல்லது பாய்ந்து ஓடினால்தான் பதியும். பதிந்தாலும் நேர் பின்னால் விழும். பன்றித் தடத்தின் நுனி மழுங்கல், மான் தடத்தின் நுனி கூர். நீளம் ஏறத்தாழ புள்ளிமானுக்கு 5–6 சென்ரிமீற்றர், மரைக்கு (கடமான்) 7–9, உக்குளானுக்கு (சருகுமான்) 2. சேற்றில் எந்தத் தடமும் பெரிதாகிவிடும். ஆகவே இறுகிய மண்ணில் உள்ளதாகப் பார்த்து, ஒரே வரிசையில் நாலைந்து தடத்தை அளந்து நடு அளவை எடுங்கள். ஆட்டுப் பட்டி போய்வரும் வரம்பில் தட அளவை நம்பிப் பயனில்லை.

அடுத்தது எச்சம். புள்ளிமான் 1–1.5 சென்ரிமீற்றர் நீள உருண்டைகளைக் குவியலாக இடும். ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை சற்றுக் குழிந்தும் இருப்பது அடையாளம். முயலின் எச்சம் தட்டையான உருண்டை, உடைத்தால் நார் உதிரும். பன்றியுடையது ஒட்டிய கட்டி.

மூன்றிலும் நம்பகமானது தண்டு. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து இழுத்துக் கிழிக்கும். வெட்டு வாய் நார்நாராக இருக்கும், நுனிப்பகுதிதான் போயிருக்கும். அடித்தண்டு கத்தியால் சீவியதுபோல் சாய்வாக அறுபட்டிருந்தால் அது எலி. வேரோடு கிளறி, வரம்பும் உடைந்திருந்தால் பன்றிதான், கேட்கவே வேண்டாம்.

நிரூபித்துக் காட்ட வேண்டுமானால் அச்சு எடுக்கலாம். அட்டையை வளையமாகத் தடத்தைச் சுற்றி ஊன்றுங்கள். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டர் ஒஃப் பாரிஸைத் தூவிக் கலக்குங்கள். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். தடத்தின் மேலே நேராகக் கொட்டாமல் ஓரத்திலிருந்து வழியவிடுங்கள். அரை மணி நேரத்துக்குமுன் தூக்கினால் நுனி உடையும். அடுத்த நாள்வரை கழுவவும் கூடாது.

ஒரு சதுர கிலோமீற்றருக்கு இத்தனை மான் என்று எழுதுகிறார்கள். காட்டிலுள்ள எல்லா மானையும் எண்ண முடியாதே? எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

எல்லாவற்றையும் எண்ண முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, எத்தனை பங்கு கண்ணில் படாமல் போகிறது என்பதைக் கணிப்பதுதான் இந்த முறையின் சாரம். நேர்கோட்டு நடை முறை என்று சொல்லலாம். செய்யும் விதம் இது.

வரைபடத்தில் குருட்டாம்போக்கில் புள்ளி தெரிந்து, அங்கிருந்து 2–3 கிலோமீற்றர் நேர்கோடுகள் போடுவார்கள். ஆள் நடக்கும் அளவுக்கு மட்டும் முன்கூட்டியே பற்றை ஒதுக்கி, சில நாட்கள் விட்டுவிடுவார்கள். பின்னர் விடிந்ததும் இருவர் மெதுவாக, மணிக்கு ஒன்று ஒன்றரைக் கிலோமீற்றர் வேகத்தில், நடப்பார்கள். ஒரு கூட்டத்தைக் கண்டால் நான்கு விடயம் பதியப்படும்: என்ன இனம், எத்தனை உருப்படி, கூட்டத்தின் நடுவுக்கு எவ்வளவு தூரம், கோட்டிலிருந்து எத்தனை பாகை. தூரத்துக்கு லேசர் தூரமானி, பாகைக்குத் திசைகாட்டி.

வேண்டியது கோட்டிலிருந்து கூட்டத்துக்குள்ள செங்குத்துத் தூரம். உங்கள் திரிகோண கணிதமே போதும்: தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்குங்கள். 60 மீற்றரில், 30 பாகையில் நின்றால் செங்குத்துத் தூரம் 30 மீற்றர். இப்படி ஓர் இனத்துக்கு 60 முதல் 80 கூட்டங்களாவது சேர்ந்த பிறகு, தூரம் கூடக்கூடக் காட்சி எப்படிக் குறைகிறது என்ற வளைகோட்டை வரைவார்கள். அதிலிருந்து, கோட்டின் இருபுறமும் எத்தனை மீற்றர்வரை முழுதாகப் பார்த்ததற்குச் சமம் என்ற எண் கிடைக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2.5 கிலோமீற்றர் கொண்ட 10 கோடுகளில் ஆறு தடவை நடந்தால் மொத்தம் 150 கிலோமீற்றர். முழுதாகப் பார்த்ததற்குச் சமமான அந்த அகலம் பக்கத்துக்கு 50 மீற்றர் என்றால், பார்த்த பரப்பு 150 × 0.1 = 15 சதுர கிலோமீற்றர். 60 கூட்டம் கண்டால் சதுர கிலோமீற்றருக்கு 4 கூட்டம். சராசரிக் கூட்டம் 7 உருப்படி என்றால் 28 மான். இவை விளக்கத்துக்கான எண்கள். எந்தக் காட்டினுடையதும் அல்ல.

பிழைக்கும் இடங்கள் தெரிந்தவைதான், ஆனாலும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஜீப் பாதையையே கோடாக எடுத்துவிடுவது அவற்றில் மோசமானது. பாதையோரத்தில் புல் முளைக்கும், வெளிச்சம் விழும். மான் அங்கேதான் மேய வரும், எண்ணிக்கை ஊதிப்போகும். ஆளைக் கண்டு ஓடிய மானை, ஓடி நின்ற இடத்தில் அளந்தால் அடர்த்தி குறைவாக வரும். முதலில் நின்ற இடத்தைத்தான் அளக்க வேண்டும். தூரத்தைக் கண்ணால் மதித்து 20, 30, 50 என்று முழு எண்ணாக எழுதினால் வளைகோடு பல்லிளிக்கும். அறிக்கை எழுதியவர் 28 என்று மட்டும் சொல்லி, எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை இருக்கலாம் என்ற வீச்சைத் தராவிட்டால் அந்த 28ஐ அதிகம் நம்ப வேண்டாம்.

மரைக்கு இந்த முறை அவ்வளவு பொருந்தாது. அது பெரும்பாலும் இரவிலும் அடர்ந்த காட்டிலும் நடமாடும். 60 காட்சி சேர்க்கவே வருடம் போய்விடும். அங்கே எச்சக் குவியலை எண்ணுவார்கள். சிறு கட்டங்களை அளந்து, பழைய எச்சத்தை முழுதாக அகற்றி, குறித்த நாட்கள் கழித்துவந்து புதிதாக விழுந்த குவியலை எண்ணி, நாட்களாலும் ஒரு மான் நாளொன்றுக்கு இடும் குவியல் எண்ணிக்கையாலும் பிரிப்பது வழி. வில்லங்கம் கடைசி எண்ணில்தான். வட அமெரிக்க மான்களுக்கு நெடுங்காலம் பயன்படுத்திய 12.7 என்பதை அப்படியே எடுத்து நம் மரைக்குப் போடுவது சரியல்ல. தீனியும் பருவமும் மாறினால் அதுவும் மாறும். மாரி மழையும் கறையானும் சாண வண்டும் குவியலை அழித்துவிடுவதால், கிழக்கில் இந்த வேலைக்குக் கோடைதான் உகந்தது.

கல்வி ஆய்வு ஒன்றுக்குத் தானியங்கிக் கமராக்கள் பொருத்தப் போகிறோம். கவனிக்க வேண்டியவை என்ன?
– பல்கலைக்கழக மாணவர், ஒலுவில்

முதலில் கடதாசி வேலை. தேசிய பூங்காவுக்குள் என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி, ஒதுக்குக் காடு என்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி. கையில் பிரதி இல்லாமல் போகாதீர்கள்.

பொருத்தும்போது முழங்கால் உயரம், அதாவது 40–50 சென்ரிமீற்றர், மானுக்குச் சரி. உக்குளானும் வேண்டுமென்றால் இன்னும் இறக்கி 25–30இல் கட்டுங்கள். மிருகம் நடக்கும் ஒற்றையடித் தடத்திலிருந்து 3–4 மீற்றர் தள்ளி, முகம் வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். கிழக்கு மேற்காக வைத்தால் காலை மாலை வெயில் நேரே விழுந்து படம் வெளுக்கும், கமரா தானாகவும் அடிக்கும். முன்னால் உள்ள புல்லையும் ஆடும் கிளையையும் மட்டும் வெட்டுங்கள். அளவுக்கு மிஞ்சி வெளியாக்கினால் மிருகம் வழியை மாற்றும். கட்டியதும் நீங்களே குனிந்து முன்னால் நடந்து பார்த்து, எங்கே சுடுகிறது என்று உறுதிசெய்யுங்கள்.

திகதியும் நேரமும்! ஒரு கமராவில் முற்பகலும் பிற்பகலும் மாறிப் பதிந்தால் அந்த விலங்கு எப்போது உலாவுகிறது என்ற முடிவே தலைகீழாகிவிடும். ஒவ்வொரு தடவையும், நேரம் காட்டும் கைபேசியைக் கமராவுக்கு முன்னே பிடித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு திருத்த வழி இருக்கும்.

இந்தக் கமராவின் உணரி சூட்டு வித்தியாசம் அசைவதைத்தான் உணர்கிறது. நம் பக்கத்து வெயிலில் நடுப்பகலில் தரையின் சூடும் மிருக உடம்பின் சூடும் நெருங்கிவிடும். அப்போது பல உருப்படி பதியாமலே போகும். மதியம் மான் நடமாடவில்லை என்று எழுதுமுன் இதை யோசியுங்கள். மற்ற எதிரிகள் எறும்பு, ஈரம், யானை. பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும். மூடியின் இறப்பர் விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும். மாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, கமராவைத் திறக்கும்போதெல்லாம் மாற்றுங்கள். யானைக்கு முழுத் தீர்வு கிடையாது. இரும்புப் பெட்டியும் பருத்த மரமும் சேதத்தைக் குறைக்கும்.

படங்களை எண்ணும்போது, ஒரே இடத்தில் ஒரே இனம் 30 நிமிடத்துக்குள் திரும்ப வந்தால் ஒரே நிகழ்வாக எடுப்பது வழக்கம். 20 கமரா 30 இரவு ஓடினால் 600 கமரா இரவு. அதில் 90 நிகழ்வு என்றால் 100 இரவுக்கு 15. இது நடமாட்டச் சுட்டி மட்டுந்தான், மானின் எண்ணிக்கை அல்ல. சிறுத்தைக்குப் புள்ளிக்கோலத்தை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்பதால் அடர்த்தி கணிக்க முடிகிறது. புள்ளிமானுக்கும் புள்ளி உண்டே என்றால், கூட்டமாக வரும் விலங்கை இரவுப் படத்தில் அப்படிப் பிரிப்பது நடைமுறையில் சரிவராது. தனி அடையாளம் இல்லாமலே கணிக்கும் ஒரு முறையை 2008இல் ரோக்ளிஃபும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு விலங்கின் நடை வேகமும் கமரா பார்க்கும் கோணமும் தூரமும் தனியே அளந்திருக்க வேண்டும்.

இந்த வித்தை புதிதென்று நினைக்காதீர்கள். விலங்கே கம்பியில் இடறித் தன்னைப் படமெடுக்கும்படி அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைராஸ் 1890களிலேயே செய்தார். மான்கள் நிறைந்த அவருடைய இரவுப் படங்களை நஷனல் ஜியோகிரஃபிக் 1906 ஜூலை இதழில் வெளியிட்டது.

உக்குளான் மானா, இல்லையா?
– வாசகர், வாகரை

இல்லை. தனிக் குடும்பம். கொம்பு கிடையாது, ஆணுக்கு மேல்வாயில் நீண்ட கோரைப்பல் உண்டு. அசைபோடும், ஆனால் இரைப்பை மானினுடையதுபோல் நான்கு அறையாக முழுமை பெறவில்லை. இலங்கையில் ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2005இல் கிரோவ்ஸ், மெய்யார்ட் இருவரும் ஈரவலயத்தில் உள்ளதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். உங்கள் பக்கத்தில் இருப்பது உலர்வலய இனம்.

கொம்பிலுள்ள கிளையை எண்ணி மானின் வயதைச் சொல்லலாம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா?
– வாசகர், பொத்துவில்

முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஓரளவு சரி. குட்டிப்பருவம் தாண்டிய ஆணுக்குக் கிளையில்லாத முளைக்கொம்பு வரும். அதற்குப் பிறகு கணக்கு நின்றுவிடும். புள்ளிமானுக்கும் மரைக்கும் முதிர்ந்த கொம்பில் பக்கத்துக்கு மூன்று முனைதான் வழக்கம். நாலு வயதுக்கும் மூன்று, எட்டு வயதுக்கும் மூன்று. தீனி நன்றாக இருந்தால் கொம்பு தடிக்கும், பஞ்சத்தில் மெலியும், கிழப்பருவத்தில் சிறுக்கவும் செய்யும்.

மாட்டுக் கொம்புபோல் இது உயிருள்ளவரை நிற்பதில்லை. முழு எலும்பு, விழுந்து திரும்ப முளைக்கும். வளரும்போது இரத்த நாளம் நிறைந்த மென்தோல் போர்த்தியிருக்கும். ஆண் இயக்குநீர் உயர்ந்ததும் தோல் காய்ந்து உரியும். இயக்குநீர் இறங்கியதும் அடியில் எலும்பு அரித்துக் கொம்பு கழன்றுவிடும். குளிர்நாட்டு மான்களுக்கு இது ஒரே பருவத்தில் நடக்கும். நம் நாட்டுப் புள்ளிமான் கூட்டத்திலோ ஒரே நாளில் மொட்டைத் தலையும், தோல் போர்த்த கொம்பும், காய்ந்த கொம்பும் சேர்ந்து தெரியலாம்.

வயதுக்கு ஆய்வாளர் பார்ப்பது பல்லை. கடைவாய்ப் பற்கள் முளைத்துத் தேயும் வரிசையை வைத்து வயது சொல்லும் அட்டவணையை அமெரிக்க வெண்வால் மானுக்கு செவரிங்ஹவுஸ் 1949இல் வெளியிட்டார். பல் வேரை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமிட்டு, வருட வளையங்களை எண்ணுவது இன்னொரு வழி. பனிக்காலம் வளர்ச்சியை நிறுத்தும் நாடுகளில் வளையம் தெளிவு. இங்கே மங்கலாகத்தான் வரும்.

விழுந்த கொம்பைக் கண்டால் அங்கேயே விடுங்கள். தேசிய பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவர முடியாது என்பது ஒன்று. கல்சியத்துக்காக மானும் முள்ளம்பன்றியும் அதைக் கடித்துத் தின்னும் என்பது மற்றொன்று.

‘சொம்பி மான்’ நோய் என்று முகநூலில் காணொளி சுற்றுகிறது. இங்கும் வந்துவிட்டதா?
– இல்லத்தரசி, கல்முனை

இலங்கையில் பதிவாகவில்லை. மானை மெலியவைத்துக் கொல்லும் ஒரு மூளை நோய் அது. 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைப்பில் வளர்த்த மான்களில் முதலில் கவனிக்கப்பட்டது. மூளை கடற்பஞ்சுபோல் துளைபடுகிறது என்பதை 1970களின் பிற்பகுதியில் எலிசபெத் வில்லியம்ஸ் நுணுக்குக்காட்டியில் கண்டறிந்தார். காரணம் கிருமியல்ல, பிறழ மடிந்த ஒரு புரதம். சமையல் சூட்டில் அழியாது, மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். வட அமெரிக்காவுக்கு வெளியே தென்கொரியாவிலும், 2016 முதல் நோர்வேயிலும் பின்னர் பின்லாந்து, சுவீடனிலும் கண்டிருக்கிறார்கள். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை.

நம் பக்கத்தில் கவலைப்பட வேண்டியது காலையும் வாயையும் தாக்கும் கால்-வாய் நோய் (கோமாரி). மாட்டிலிருந்து புள்ளிமானுக்கும் மரைக்கும் தொற்றக்கூடியது. காட்டோர மேய்ச்சல்தரையில் பட்டி மாடும் மானும் ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கின்றன. மாட்டுக்கு நேரத்தோடு தடுப்பூசி போடுவது மானுக்கும் பாதுகாப்பு. வாயில் நுரையோடு நொண்டும் மானைக் கண்டால் காணொளி எடுத்து முகநூலில் போடுமுன் கால்நடை வைத்தியருக்கும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் அறிவியுங்கள்.

எங்கள் அம்பாறைக் காடுகளில் இதற்குமுன் யாராவது முறையான ஆய்வு செய்திருக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அக்கரைப்பற்று

செய்திருக்கிறார்கள், ஆனால் யானைக்குக் கிடைத்த கவனம் மானுக்குக் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

தொடக்கம் பெயரிட்டுப் பட்டியலிடும் வேலை. இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1852இல் இந்நாட்டு விலங்குகளைத் தொகுத்தார். தேயிலைத் தோட்டக்காரரான பிலிப்ஸின் பாலூட்டிக் கைந்நூல் 1935இல் வந்தது. இவர்கள் அளந்தது பெரும்பாலும் சுட்ட விலங்கின் தோலையும் மண்டையோட்டையும். உயிரோடு உலாவும் விலங்கைப் பின்தொடர்ந்து குறிப்பெடுப்பது 1960களில்தான் வேகம்பெற்றது. கல்லோயாத் திட்டத்தில் கட்டிய சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரேந்துபரப்பைக் காக்க 1954இல் கல்லோயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கேயும் லகுகலையிலும் அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காக ஜோர்ஜ் மக்கே யானைகளை ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார். அதே ஸ்மித்சோனியன் ஆய்வுத் திட்டத்தில் ஐசன்பேர்க்கும் லொக்கார்ட்டும் வில்பத்துவில் மான் உட்பட எல்லாப் பெரிய விலங்கையும் கணக்கெடுத்தார்கள், அது 1972.

மானுக்கென்றே நடந்த நல்ல வேலை உங்களுக்குத் தெற்கே, யாலவில். பாலசுப்பிரமணியம், சார்ள்ஸ் சந்தியாப்பிள்ளை, சேம்பர்ஸ் மூவரும் பருவத்துக்கேற்பப் புள்ளிமான் வாழிடம் மாறுவதை 1980இல் எழுதினார்கள். அடுத்த வருடம் சந்தியாப்பிள்ளை குழுவின் மரைக் கட்டுரை வந்தது. குமண தேசிய பூங்கா 1985இலிருந்து 2003வரை மூடிக்கிடந்ததால் அந்த இடைவெளியை இனி நிரப்ப முடியாது. ஆனால் பழைய கட்டுரைகளின் வரைபடத்தோடு அதே இடத்தில் அதே முறையில் இன்று எண்ணினால் ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும். பல்கலைக்கழகங்கள் உள்ள ஒலுவிலும் வந்தாறுமூலையும் இந்த வேலைக்கு எட்டாத தூரமல்ல.

தோட்டத்துக்குள் வரும் மான்களை வலைபோட்டுப் பிடித்துத் தூரக் காட்டில் விட்டால் என்ன? அண்மையில் தனியாகக் கிடந்த குட்டியை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அது சரியா?
– வாசகர், உன்னிச்சை

இரண்டுமே கூடாது. பிடிபடும் அச்சத்திலும் திமிறலிலும் மானின் தசை உடைந்து நஞ்சாகும். உடற்சூடு 41 பாகை செல்சியஸைத் தாண்டும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். அப்போதே சாகாவிட்டாலும் சில நாளில், சில வாரத்தில் சாகலாம். விட்ட அன்று துள்ளி ஓடியது என்பதை வைத்துப் பிழைத்தது என்று சொல்லிவிட முடியாது. இடமாற்றத்தால் பிரச்சினை தீருமா என்பதற்கு யானையில் நல்ல சான்று உண்டு: பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் இடம்மாற்றிய 12 ஆண் யானைகளை ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டியால் தொடர்ந்து 2012இல் எழுதினார்கள். இரண்டு யானைகள், விடப்பட்ட பூங்காவிலேயே கொல்லப்பட்டன. மற்றவை எல்லாம் பூங்காவை விட்டு வெளியேறின. சில பழைய இடத்துக்கே திரும்பின, சில புதிய ஊர்களில் தொல்லை தொடங்கின.

தோட்டத்துக்கு வேலி போடுங்கள். இரண்டு மீற்றருக்குக் குறைந்தால் புள்ளிமான் தாண்டிவிடும். யானைக்குப் போடும் மின்வேலிக் கம்பியின் இடைவெளி மானுக்கு வாசல்.

குட்டி தனியாகக் கிடப்பதால் அநாதை ஆகிவிடாது. தாய் அதைப் புல்லில் ஒளித்துவிட்டு மேயப் போகும், பால்கொடுக்க வரும். தொடாமல் விலகி, நாயைக் கட்டிப்போட்டு, தூரத்திலிருந்து மறுநாள்வரை பாருங்கள். காயம் இருந்தால், ஈ மொய்த்தால், பக்கத்தில் தாய் செத்துக்கிடந்தால் மட்டும் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். அவர்கள் வரும்வரை நிழலில், துணியால் கண்ணை மறைத்து, சத்தமில்லாமல் வைத்திருங்கள். பக்கவாட்டில் கிடத்தாமல் நெஞ்சு தரையில் படும்படி இருத்துங்கள். இல்லாவிட்டால் அசைபோடும் விலங்குக்கு வயிறு உப்பும், மேலெழும் தீனி மூச்சுக்குழலில் இறங்கும். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பசுப்பாலும் கொடுக்கக் கூடாது. மான்பால் அதைவிடச் செறிவானது, பசுப்பால் குடித்த குட்டிக்கு வயிற்றோட்டம் பிடிக்கும்.